கேழ்வரகு பிஸ்கட்: முன்பக்கம் தமிழ், பின்பக்கம் இங்கிலீஷ்

முதலில் ருசியைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே இருக்கிறது, மொறுமொறுவென்று, டீயில் முக்கினால் உடனே ஊறி விழுந்துவிடாமல் நிற்கிறது. 150 கிராம் 45 ரூபாய். ருசிக்கு மட்டும் என்றால் 5க்கு 4.

ஆனால் வாங்கியது ருசிக்காக இல்லை. அம்மாவுக்குச் சுகர். அண்ணாச்சி கடையில் பாக்கெட்டின் மேல் தமிழில் பெரிதாக 'கேழ்வரகு' என்று இருந்ததையும் பக்கத்தில் கதிர் படத்தையும் பார்த்துவிட்டு மூன்று பாக்கெட் எடுத்து வந்திருக்கிறார், ஒரு வாரமாகக் காலையும் மாலையும் நாலு நாலாகச் சாப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் நான் திருப்பிப் பார்த்தேன். முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, பாமாயில், அதற்கும் பிறகுதான் கேழ்வரகு மாவு, 9 சதவீதம்.

இதில் சட்டமீறல் ஏதும் இல்லை, அதுதான் எரிச்சல். எடை கூடிய பொருளில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும், எழுதியிருக்கிறார்கள். படம் போட்டு ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும் என்கிறது உணவு லேபிளுக்கான 2020 விதிமுறை, சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த 9 எனக்கும் தெரிந்திருக்காது, ஆகவே விதியே வீண் என்று சொல்ல மாட்டேன்.

"வாங்குறவங்கதான் படிச்சுப் பாத்து வாங்கணும்" என்றார் மாமா. சரி, எனக்கு அது பொருந்தும், வீட்டில் ஒரு வாரம் கிடந்தும் திருப்பிப் பார்க்காதது என் தப்பு. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு எப்படிப் பொருந்தும்? எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் அவர்கள் இஷ்டம். விற்க மட்டும் தமிழ் வேண்டியிருக்கிறது! அந்த இங்கிலீஷும் பளபளக்கிற தாளில் எறும்பு எழுத்து, கண்ணாடி போட்டும் முடியாமல் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போடுகிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்கூடக் கறுப்பைப் பார்த்து யோசிப்பார். இங்கே அந்த ஆணையத்திடமிருந்து 2022-ல் வந்த வரைவு விதியோ, பாக்கெட்டின் முன்பக்கம் நட்சத்திர மதிப்பீடு என்றது. நட்சத்திரத்தைப் பார்த்தால் அம்மா ஏதோ பரிசு வாங்கிய பிஸ்கட் என்றுதான் நினைப்பார்.

சுகர் இல்லாதவர்கள் டீக்கு வாங்கலாம், கேழ்வரகுக்காக வாங்க வேண்டாம். மீதியிருந்த பாக்கெட்டை நான்தான் தின்று தீர்த்தேன்.