துரைப்பாக்கம் வாடகை அலுவலகம்: மூன்று வருட அனுபவம்

பேட்டன்ட் தேடல், அதாவது ஒரு கண்டுபிடிப்பு புதியதுதானா என்று தேடிப் பார்க்கும் வேலை செய்யும் 24 பேர் குழு எங்களுடையது. அமெரிக்க, ஜெர்மன் சட்ட நிறுவனங்களுக்கு வேலை செய்கிறோம். மூன்று வருடமாக சென்னை ஓஎம்ஆரில், மேசை நாற்காலி முதல் இன்டர்நெட் வரை சேர்த்து வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறோம். ஒரு சீட்டுக்கு மாதம் 9,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்று வெளியில் சொல்லக்கூடாது என க்ளையன்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் கட்டிடத்தின் பெயரைப் போடவில்லை. எங்களைப் போல வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துறை அறிவு தேவைப்படும் வேலை செய்து கொடுக்கும் சின்ன கேபிஓக்காரர்கள் இடம் தேடும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் பேட்டன்டுக்கு இன்னும் விண்ணப்பிக்காத கண்டுபிடிப்பு. அதற்கு முன்பே வெளியில் தெரிந்துவிட்டால் பேட்டன்ட் கிடைக்காமல் போகலாம். கண்டுபிடித்தவரே அதை வெளியில் சொல்லிவிட்டாலும் அமெரிக்காவில் விண்ணப்பிக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அது இல்லை. யாரோ துரோகம் செய்து கசியவிட்டார்கள் என்று நிரூபித்தால், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துத் தப்பிக்கலாம். ஒரு வரைபடத்தை யாராவது போனில் படம் பிடித்தால் அங்கே எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்தத் தொழிலில் சுவரையும் கதவையும் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

முதல் வருடம் க்ளையன்ட் அனுப்பிய ஆடிட்டர் வந்தார். லாபியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக எங்கள் அறைக்கு வந்து நாற்காலி மேல் ஏறி, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார். தடுப்புச் சுவர் சீலிங்கோடு நிற்கிறதா, மேலே கான்கிரீட் வரை போகிறதா என்று பார்க்கத்தான். சீலிங்கோடு நின்றால் பக்கத்து அறையிலிருந்து ஏறி உள்ளே இறங்கிவிடலாம், கதவில் கார்டு வைத்தும் பயனில்லை. இங்கே கான்கிரீட் வரை ஏற்றியிருந்தார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான் அதைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பாருங்கள்.

இடத்தை விற்க வருபவர்கள் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைக் காட்டுவார்கள். அதில் ஸ்கோப் என்ற வரியைப் படியுங்கள், சான்றிதழ் எதற்குப் பொருந்தும் என்று அங்கேதான் இருக்கும். இங்கே அது கட்டிட நிர்வாகத்துக்கு மட்டும்தான். நம் வேலைக்கு நாம் தனியாக வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில் இல்லை, தரையில் உயர்ந்த மேடையில் இருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

இப்போது குறை. இரண்டு கம்பெனிகளின் இன்டர்நெட் லைன் இருக்கிறது என்றார்கள், இருந்தது. போன ஆகஸ்டில் ரோட்டில் பள்ளம் தோண்டியபோது இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன. மாலை ஐந்தரை, நியூயார்க்கில் காலை எட்டு. அன்றைக்கு ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், டேட்டாவை வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி இல்லை. பத்து நிமிடத்துக்குள் க்ளையன்ட்டுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். ஒரு நாள் அவகாசம் தந்தார்கள், ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்டார்கள்.

மறுநாள் காலை கட்டிட மேனேஜரோடு வாசலில் நின்றேன். லைன் வரும் பள்ளத்தின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். இரண்டு கம்பெனிகளின் குழாயும் ஒரே பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கம்பெனி வேறாக இருந்து என்ன செய்ய, பாதை ஒன்றுதான்.

அதற்கப்புறம் அந்த மேனேஜர் செய்ததற்காகத்தான் நான் இன்னும் இங்கே இருக்கிறேன். லைன்காரர்கள் மேல் பழி போடவில்லை. பாதையைச் சரிபார்க்காதது எங்கள் தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 19 நாளில் பின் தெரு வழியாக மூன்றாவது லைன் இழுத்தார்கள், செலவும் அவர்களுடையது. அந்தக் கடிதத்தையும் பள்ளத்தின் போட்டோவையும் அப்படியே க்ளையன்ட்டுக்கு அனுப்பினேன். இந்த வருடம் அவர்களே கூடுதலாக ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஏசி இரவு எட்டு மணிக்கு நின்றுவிடும். எங்கள் ஷிஃப்ட் பத்தரை வரை. கூடுதல் நேரத்துக்கு மணிக்கணக்கில் பில் போடுகிறார்கள், வெளிநாட்டு வேலை செய்பவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. அதற்காக ஒரு ஸ்டார் குறைத்து நான்கு கொடுக்கிறேன். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன், ஏசி கணக்கை இந்த முறை ஒப்பந்தத்துக்குள் எழுதச் சொல்லியிருக்கிறேன்.