சாக்சன்: நகலெடுக்கும்போது '&' குறியைக் காப்பாற்றித் தரும் கருவி

ஏறத்தாழ 4,000 எக்ஸ்எம்எல் கோப்புகளை மாற்ற வேண்டியிருந்தபோதுதான் எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுதிய விதிகளை இயக்கும் சாக்சனின் இலவசப் பதிப்பை எடுத்தேன். ஆவணம் முழுவதும் அப்படியே நகலாக வேண்டும். 'குறிப்பு' என்ற உறுப்பு மட்டும் விலக்கு. அதற்குள் எச்டிஎம்எல் துண்டுகள் எஸ்கேப் செய்யப்பட்டு, அதாவது '<' போன்ற குறிகள் மாற்றுக் கோவையாக எழுதப்பட்டு, வெறும் உரையாகக் கிடந்தன; அவற்றை உண்மையான உறுப்புகளாக்க வேண்டும்.

நகலெடுப்பது ஒரே வரி. தனி விதி இல்லாத எதையும் அப்படியே நகலெடுக்க எக்ஸ்எஸ்எல்டி 3.0 தரும் ஷாலோ-காப்பி முறையை அறிவித்தால் போதும். ஆனாலும் முதல் வெளியீட்டைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். மூலத்தில் இருந்த சிடேட்டா பகுதிகளை, அதாவது குறிகளை எஸ்கேப் செய்யாமலே எழுத விடும் உறைகளை, காணவில்லை. அவற்றுக்குள் இருந்த '<' குறிகள் எல்லாம் எஸ்கேப் ஆகியிருந்தன. இது கருவியின் பிழை அன்று. கோப்பைப் படித்துப் பிரிக்கும் பார்சர் தன் வேலையைச் செய்யும்போதே சிடேட்டா உறை கழன்றுவிடுகிறது, எக்ஸ்எஸ்எல்டிக்குத் தெரிவது உள்ளிருக்கும் எழுத்துகள் மட்டுமே. எழுதும்போது சீரியலைசர் தன் வழியில் மறுபடி எஸ்கேப் செய்கிறது. பொருள் மாறுவதில்லை. உறையும் வேண்டுமென்றால் சிடேட்டா-செக்‌ஷன்-எலிமென்ட்ஸ் என்ற பண்பில் உறுப்பின் பெயரைக் கொடுக்கலாம். கொடுத்தேன், வந்தது.

'குறிப்பு' உறுப்புக்கு முதலில், எழுதும்போது எஸ்கேப் செய்வதை நிறுத்தும் டிசேபிள்-அவுட்புட்-எஸ்கேப்பிங் என்ற பண்பைப் போட்டேன். ஒரு கோப்பில் வரி முறிக்கும் குறி மூடப்படாமல் இருந்தது. சாக்சன் நான் கேட்டபடியே எழுதித் தந்தது. அடுத்த நிரலின் பார்சர் அந்தக் கோப்பை ஏற்க மறுத்தது. அந்தப் பண்பு 1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டியின் முதல் தரத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை ஆதரிக்கும் கட்டாயம் எந்தச் செயலிக்கும் இல்லை, 2.0 தரமோ அதைத் தவிர்க்கவே சொல்கிறது. தயவுசெய்து அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது பார்ஸ்-எக்ஸ்எம்எல்-ஃபிராக்மென்ட் என்ற செயற்கூறு. உரையை மெய்யான முனைகளாக்கித் தருகிறது. துண்டு ஒழுங்காக இல்லாவிட்டால் அங்கேயே நின்று பிழையைச் சொல்கிறது. 17 கோப்புகள் அப்படிப் பிடிபட்டன. அவற்றில் 12, உடையாத இடைவெளியைக் குறிக்கும், எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாத 'என்பிஎஸ்பி' என்ற எச்டிஎம்எல் குறியீட்டால் வந்தவை. கையால் திருத்த ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. கெட்ட கோப்பு வெளியே போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த உடையாத இடைவெளியை வெளியீட்டில் &#160; என்றே எழுத, ஓர் எழுத்துக்குப் பதில் நாம் சொன்ன கோவையை எழுதும் கேரக்டர் மேப் உதவியது, அதையும் மெச்ச வேண்டும். ஆனால் '<' குறியை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள். சிடேட்டாவாக எழுதச் சொன்ன உறுப்புகளைத் தவிர, மேப்புக்கு உறுப்பு எது என்ற வேறுபாடு கிடையாது. பண்பு மதிப்புகள் உட்பட ஆவணம் முழுவதும் பாயும்.