அக்ரிமென்ட் நடுவில் வாடகையை ஏற்றினால்: கடிதமா, வக்கீல் நோட்டீஸா, வாடகை அதிகாரியா?

"ஓனர் திடீர்னு வாடகையை ஏத்திட்டார், எங்கே போய் புகார் கொடுக்கறது?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அக்ரிமென்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா? பாதி விஷயம் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சென்னையில் பலர் வருஷத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருப்பதாக நம்புகிறார்கள், அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் தமிழ்நாட்டில் நிறைவேற்றிய புதிய வாடகைச் சட்டத்தை 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 9-வது பிரிவு சொல்வது, வாடகை உயர்வு அக்ரிமென்டில் எழுதியிருக்கிறபடிதான் இருக்க வேண்டும் என்பதை. அதாவது, தாளில் எழுதாத உயர்வை நடுவில் உங்கள் சம்மதமில்லாமல் திணிப்பதுதான் எதிர்க்கக்கூடிய உயர்வு.

சூளைமேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 14,000, ஜனவரியில் போட்ட பதினோரு மாத அக்ரிமென்ட், நடுவில் ஏற்றுவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஜூனில் வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசத்துல இருந்து 18" என்று ஒரு செய்தி வருகிறது. இப்போது என்னென்ன வழி, எது எதைவிட மேல் என்று பார்ப்போம்.

முதலில் தொடவே கூடாத வழி: கோபத்தில் வாடகையை நிறுத்துவது. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பதும் இதே வகைதான். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட இந்தச் சட்டமே 21-வது பிரிவில் உரிமையாளருக்குக் கொடுக்கிற காரணம். உயர்வு நியாயமா என்று விசாரிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் பாக்கிக்காரராக நிற்பீர்கள். பேசாமல் 18,000 கொடுத்துக்கொண்டு பிறகு சண்டை போடலாம் என்பதும் மோசமான யோசனை, ஏனென்றால் எதிர்ப்பில்லாமல் கொடுத்த தொகையை நீங்கள் ஒப்புக்கொண்ட வாடகை என்று அவர் காட்டலாம்.

அடுத்தது கடிதம். என் கணக்கில் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், வக்கீலுக்குப் போவதற்கும் முன்னால். ஒரு பக்கம் போதும். அக்ரிமென்ட் தேதி, வாடகைத் தொகை, எந்தத் தேதியில் என்ன கேட்டார் என்பது, அதற்குப் பிறகு இப்படி ஒரு வரி: "ஒப்பந்தக் காலம் முடியும்வரை மாத வாடகை ரூ.14,000 மட்டுமே என்று ஒப்பந்தத்தில் உள்ளதால், கூடுதல் தொகையை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தப்படியான வாடகையைத் தவறாமல் செலுத்தி வருவேன்." கோபம், கிண்டல், பழைய தண்ணீர்ச் சண்டை எதுவும் வேண்டாம். தபாலில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள். அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அந்த மாத வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, குறிப்புப் பகுதியில் "ஜூலை வாடகை" என்று எழுதி, எப்போதும் போடும் தேதியிலேயே போடுங்கள். செலவு தபால் காசுதான், உறவும் உடனே முறிந்துவிடாது. ஓனருக்குச் சட்டம் தெரிந்த ஒரு மச்சினரோ ஆடிட்டரோ இருந்தால் விஷயம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ் இதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு சத்தமாகச் செய்கிறது. சட்டப்படி அதற்குத் தனி மந்திரசக்தி எதுவும் இல்லை, ஆனால் கடிதத்துக்குப் பதிலே இல்லாமல் "காலி பண்ணு" என்று பேச்சு ஆரம்பித்துவிட்டால் அப்போது அனுப்புவதில் பொருள் இருக்கிறது. மேல் மாடியில் ஓனர், கீழ்த்தளத்தில் நீங்கள், நடுவில் ஒரே மோட்டார் சுவிட்ச் என்கிற வீடுகளில் முதல் அடியே நோட்டீஸாக இருந்தால், மிச்சமுள்ள மாதங்கள் தினம் தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாதங்களாகிவிடும்.

உண்மையான பலம் இருப்பது வாடகை அதிகாரியிடம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். வாடகை உயர்வில் தகராறு என்றால் நீங்களோ உரிமையாளரோ மனுக் கொடுக்கலாம், 10-வது பிரிவின்படி வாடகை எவ்வளவு என்று அவர் தீர்மானிப்பார். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு பிரிவுகள். உயர்த்திய தொகை வந்தால்தான் வாங்குவேன் என்று ஓனர் உங்கள் 14,000-ஐத் திருப்பி அனுப்பினால், தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு, பிறகு 14-வது பிரிவின்கீழ் வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம், பாக்கி என்ற பேச்சுக்கு இடமிருக்காது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி மிரட்டினால் 20-வது பிரிவு இருக்கிறது, அதில் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி ஓனருக்கு வாடகை அதிகாரி உத்தரவிடலாம். கடிதத்தாலும் நோட்டீஸாலும் இந்த இரண்டையும் செய்ய முடியாது.

ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல், அதைச் சொல்லாமல் "ரென்ட் அத்தாரிட்டிக்குப் போங்க" என்று அறிவுரை சொல்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நம் ஊரில் அக்ரிமென்ட் என்பது பெரும்பாலும் முத்திரைத்தாளில் டைப் அடித்து இருவரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்த தாள். 2017 சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. பதிவாகாத தாளை ஆதாரமாகக் காட்டுவதற்குச் சட்டமே தடை போடுகிறது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் இன்னும் ஆபத்து: ஒப்பந்தம் போடத் தவறியது என்பதே வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. அதனால் பதிவு எண் இருக்கிறவர்கள் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தயங்காமல் மனுப்போடுங்கள். இல்லாதவர்கள் முதலில் ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், உதவி எண் 15100.

அதே ஆணைக்குழு வழியாக வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கிற வழியும் உண்டு. கட்டணம் இல்லை, அங்கே எழுதி முடித்ததற்கு மேல்முறையீடும் இல்லை. பதிவில்லாத தாளை வைத்திருக்கிறவர்களுக்கு, ஓனரும் வந்து உட்காரச் சம்மதித்தால், வாடகை அதிகாரியைவிட இது பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் வரமாட்டேன் என்றால் அவ்வளவுதான், கட்டாயப்படுத்த முடியாது.

சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கலாம் என்பார்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் தகராறுகளில் சிவில் கோர்ட் தலையிட 40-வது பிரிவு தடை போடுகிறது. வாடகை அதிகாரியின் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம். போலீஸ் வாடகைத் தொகையில் தலையிடாது. பூட்டுப் போட்டார், சாமானை வெளியே எறிந்தார், ஆள் வைத்து மிரட்டினார் என்றால் மட்டும் உடனே ஸ்டேஷனுக்குப் போய் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் எங்கே போனாலும் அது கை கொடுக்கும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் கோயிலுக்குச் சொந்தமான வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன வாடகைச் சட்டம் பொருந்தாது. உங்களுக்கு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு, நியாய வாடகை நிர்ணயத்தை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு என்று பாதையே வேறு.

அக்ரிமென்ட் முடிந்த பிறகு கேட்கிற உயர்வு இன்னொரு கதை. நவம்பர் முடிந்து டிசம்பரில் 18,000 கேட்டால் அது சட்டமீறல் இல்லை, பேரம்தான். அந்தப் பேரத்தில் எவ்வளவு குறைத்தாலும், புதுத் தாளில் உயர்வு விகிதத்தை எழுத வைத்து, இந்த முறையாவது பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள்.