காதில் மாட்டாத கண்ணாடியோடு ரப்பர் வெட்டு

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவோம். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். நெற்றியில் லைட், கொசுவுக்காகத் தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிய துவர்த்து. இதற்கிடையில் காதில் மாட்டும் கண்ணாடியும் போட்டால், லைட்டின் எலாஸ்டிக் அதன் கம்பியை மண்டையோடு சேர்த்து அழுத்தும். வெட்டு முடிவதற்குள் காதுக்கு மேலே வலி எடுத்துவிடும்.

வெள்ளெழுத்து வந்த பிறகு கண்ணாடி இல்லாமலும் முடியாது. மரப்பட்டையைச் சீவும்போது, உள்ளே இருக்கும் தடியை, அதாவது மரக்கட்டையைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நின்றுவிட வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுபடி அதில் வெட்டவே முடியாது.

அதனால்தான் மூக்கில் மட்டும் கவ்வி நிற்கும் கண்ணாடிக்கு மாறினேன். சில வருஷமாகத் தோட்டத்தில் இதுதான்.

முதலில் ஆன்லைனில் வாங்கியது இறுக்கமான ஸ்பிரிங் வைத்தது. விழவில்லை, ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து குழிந்துவிடும். அதை மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் காட்டியபோது, கடைக்காரத் தம்பி சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “அண்ணே, இறுக்குனா நிக்கும்னு நினைக்காதிங்க. கனத்தைக் குறைங்க, தானா நிக்கும்.”

அவர் சொன்னதுதான் சரி. காதுக் கம்பி இரண்டு வேலை பார்க்கிறது. கண்ணாடியைக் கீழே நழுவாமல் பிடிக்கிறது. லென்சின் கனம் முன்பக்கம் கவிழாமல் பின்னாலிருந்து இழுத்தும் வைக்கிறது. கம்பி இல்லையென்றால் இரண்டும் மூக்கின் தலையில் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி 20, 30 கிராம் வரும். அந்தக் கனத்தை மூக்கு மட்டும் தாங்க வேண்டுமென்றால் இறுக்கித்தான் ஆக வேண்டும். இப்போது நான் வைத்திருப்பதில் லென்ஸ் சின்னது, பாலிகார்பனேட். கண்ணாடியிலேயே செய்த அதே அளவு லென்சின் கனத்தில் பாதிகூட வராது. நடுவில் நிட்டினால் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை அது. நன்றாக விரித்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மூக்கைத் தொடும் சிலிக்கோன் பட்டை நீளமாக, லென்சை ஒட்டியே இருக்கிறது. அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுவதால் தழும்பு விழுவதில்லை.

கண்ணாடி புதிதாக வந்த 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் காதுக் கம்பியே கிடையாது. லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் பக்கக் கம்பி வைத்து விற்றது 1730 வாக்கில்தான். அதற்குப் பிறகும் மூக்கில் கவ்வும் ‘பான்ஸ்நே’ ஒழிந்துவிடவில்லை. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போட்டிருந்தது அதைத்தான்.

தோட்டத்தில் இதன் பெரிய வசதி, ஒரே கையால் எடுக்கலாம், வைக்கலாம். ஒரு மரத்தில் வெட்டு முடிய அதிக நேரம் ஆகாது. அடுத்த மரத்துக்கு நடக்கும்போது பக்கத்தில் பார்ப்பதற்கான லென்ஸ் வழியாகத் தரை மங்கும், வேர் தட்டும். அப்போது கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுவிடுவேன். கயிறு இல்லாமல் இதை வாங்கவே வேண்டாம். இருட்டில் சருகுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது பெரிய பாடு.

லென்சில் பால் தெறித்தால் துவர்த்தால் துடைக்கக் கூடாது, எல்லா இடமும் இழுவிவிடும். உடனே தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் காயவிட்டு ஓரத்தில் நகத்தால் நெம்புங்கள். தோலாக உரிந்து வந்துவிடும்.

வியர்வைதான் இதற்கு எதிரி. சூரியன் ஏறிய பிறகு மூக்கைத் துடைக்காமல் வைத்தால் வழுக்கும். பைக்கில் போகும்போது போடவே கூடாது. ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையுதிர் மாதங்களில் வெட்டு நிற்கும்போது வீட்டில் பேப்பர் படிக்க இதைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிரச்சினையில்லை, ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கக் காதுக் கம்பி வைத்ததுதான் நல்லது.

சிலிண்டர் பவர், அதாவது சிதறல் பார்வைக்கான பவர் உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். அந்த லென்சுக்குச் சரியான கோணம் உண்டு. 10 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வளைந்து விரியும் கம்பியில் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் லென்ஸ் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அந்தக் காலத்து பான்ஸ்நேயிலேயே இதற்காக, நடுப்பாலம் அசையாமல் மூக்குப் பட்டை மட்டும் விரியும் மாதிரி ஒன்று வந்தது. உங்களுக்குச் சிலிண்டர் இருந்தால் கடையில் அந்த மாதிரியைக் கேளுங்கள். எனக்கு வெறும் ரீடிங் பவர் என்பதால் தொந்தரவு இல்லை.

இந்தக் கண்ணாடியைத் தயாரிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. லென்சும் கம்பியும் நன்றாகவே இருக்க, சிலிக்கோன் பட்டை மட்டும் வியர்வையில் மஞ்சளாகி இறுகிப்போகிறது. அந்தப் பட்டையைத் தனியாக விற்றால், எங்களைப் போல தினமும் போடுகிறவர்கள் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டி வராது.