பழைய டர்போ காரில் ஆயில் பிரஷர் குறைந்தால்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நன்றாகச் சூடேறிய பிறகு, வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். வயதான டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கும் இது தெரிந்த காட்சிதான். என் வண்டியும் அந்த ரகம்: நான்கு சிலிண்டர், ஒற்றை டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது), எனக்கு முன்பே ஒருவர் கையில் நிறைய ஓடியது. இந்தத் தொல்லையோடு பல வருடம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. எது உதவியது, எது வெறும் சமாளிப்பு என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் அந்த விளக்கைப் பற்றி. பெரும்பாலான கார்களில் அதை இயக்குவது ஒரு சாதாரண சுவிட்ச். அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறங்கினால்தான் விளக்கு எரியும். அதாவது விளக்கு எரியவில்லை என்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 0.6 பாரில் ஓடிக்கொண்டிருந்தாலும் டேஷ்போர்டு சுத்தமாகத்தான் தெரியும். ஓட்டத்தின் நடுவே விளக்கு நிலையாக எரிந்தால் யோசனைக்கே இடமில்லை, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஐடிலில் மட்டும் மினுக்குகிற வகைக்குத்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம்.

யாரிடம் கேட்டாலும் 'சுவிட்சை மாற்று, சரியாகிவிடும்' என்பார்கள். சில வண்டிகளில் அது உண்மையும்கூட. சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் கசிந்து ஈரமாக இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. என் கனெக்டர் காய்ந்து சுத்தமாக இருந்தது. இருந்தாலும் மாற்றினேன், விலை குறைந்த பாகம்தானே. மினுக்கல் நிற்கவில்லை.

உண்மை நிலவரம் தெரிந்தது மெக்கானிக்கல் கேஜ் மாட்டியபோதுதான். சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேஜின் குழாயைப் பொருத்தி, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். கூலன்ட் முள் நடுவில் வந்துவிட்டது என்று உடனே அளக்கக் கூடாது. ஆயில் சூடேற கூலன்ட்டைவிட அதிக நேரம் எடுக்கும். குளிர்ந்த இன்ஜினில் எந்த வண்டியும் அழகான எண்ணைக் காட்டும். என்னுடையதும் 4 பார் காட்டியது. சூடானதும் ஐடிலில் 0.5. என் வண்டியின் சர்வீஸ் கையேடு 2000 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார் கேட்கிறது, கேஜில் வந்தது 1.6. கையேடு கையில் இல்லாதவர்களுக்கு, ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் என்ற பழைய கணக்கு ஒரு குத்துமதிப்புக்கு உதவும்.

இந்த எண்களைவிட முக்கியமான விஷயம் ஒன்று கேஜில் தெரிந்தது. 4000 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தபோது முள் ஏறியது, கொஞ்ச நேரம் நடுங்கியது, பிறகு மெல்லக் கீழே வந்தது. இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் இப்படி நடக்காது. ஐடிலில் குறைவாக இருந்தாலும் வேகம் கூடக் கூட பிரஷரும் ஏறும். ஏறிய பிரஷர் தானாக இறங்குகிறது என்றால் பம்ப்புக்குப் போதுமான ஆயில் வரவில்லை, உறிஞ்சும் இடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்ததால் சந்தேகம் நேராக சம்ப்புக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் மேல், அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வடிகட்டி வலை மேல் போனது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழி கெட்டியான ஆயில். நானும் ஒரு ஆயில் மாற்றத்துக்கு 5டபிள்யூ-30க்குப் பதில் 10டபிள்யூ-50 ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். விளக்கு நின்றுவிட்டது, சூடான ஐடிலில் கேஜும் சற்று ஏறியது. ஆனால் 4000இல் அதே நடுக்கம். பிரஷர் என்பது ஆயில் ஓடும் பாதையில் உள்ள தடையின் அளவுதான், எவ்வளவு ஆயில் போய்ச் சேருகிறது என்பதை அது சொல்லாது. டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சாதா பேரிங் (உள்ளே குண்டு இல்லாதது) உள்ள டர்போவில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அடைத்த ஸ்ட்ரெய்னர் வழியே கெட்டி ஆயிலை இழுக்கச் சொன்னால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போவுக்கு ஆயில் இன்னும் தாமதமாகத்தான் போகும். தேய்ந்த பேரிங்குக்கு ஒரு படி கெட்டியான ஆயில் நியாயமான தீர்வு. அடைப்புக்கு இல்லை.

இன்ஜின் ஃப்ளஷ் (பழைய ஆயிலோடு கலந்து உள்ளே கழுவும் திரவம்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். கசடு நிறைந்த பழைய இன்ஜினில் அதை ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒட்டிக்கிடக்கும் கரியைப் பெயர்த்து நேராக ஸ்ட்ரெய்னர் வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சரி, சம்ப்பைக் கழற்றினோம். என் வண்டியில் முன் சப்ஃபிரேமை (முன்பக்க அடிச்சட்டம்) இறக்காமல் அது வெளியே வராது, அதனால்தான் இந்த வேலையை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் கருப்பாக மூடியிருந்தது. தொட்டால் வழவழப்பான சேறாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. மணல்போல் நறநறவென்று கரித்துணுக்குகள், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன. அவற்றுக்கு நடுவே ரப்பர் புழு மாதிரி சாம்பல் நிறத்தில் சில துண்டுகள். முன்பு எப்போதோ சம்ப்பை ஒட்டியவர் சீலண்டை அள்ளிப் பூசியிருக்கிறார், உள்பக்கம் பிதுங்கியது அறுந்து வலையில் சிக்கியிருக்கிறது. கரி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. சூட்டோடு இன்ஜினை அணைத்தால் டர்போவின் நடுப்பகுதியில் தேங்கும் ஆயில் கருகும், இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே எடுக்கும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் பிஸ்டனைத் தாண்டி வரும் புகை முழுக்க ஆயிலில்தான் சேரும். என் வண்டியில் பிரீதர் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கிடந்தது, குழாயின் உள்ளே விரல் நுழையாத அளவுக்குப் பிசின்.

சம்ப் இறங்கிய கையோடு ஒரு கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைப்பது) கேப்பையும் கழற்றிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ராடில் உள்ள பேரிங்கின் மேல் பாதி ஷெல்தான் வெடிப்பின் அடியை வாங்கும், அதைப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் தெரிந்தால் இன்ஜின் வேலைக்குத் தயாராகிவிடலாம். என்னுடையதில் சீரான சாம்பல் நிறம், சில மெல்லிய கீறல்கள். மாற்றவில்லை. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பம்ப்பின் ரிலீஃப் வால்வு தடையில்லாமல் அசைந்தது. டர்போவுக்கு ஆயில் போகும் பேஞ்சோ போல்ட்டுக்குள் (நடுவே ஆயில் ஓடும் துளையுள்ள போல்ட்) ஒரு சிறிய வலை உண்டு (எல்லா வண்டியிலும் இருக்காது), அதையும் புதிதாகப் போட்டோம். டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டியபோது மேலும் கீழும் சிறிது அசைந்தது. அந்த வகை பேரிங்கில் அது இயல்பு. உள்ளும் புறமும் அசைவு இல்லை, பயமும் இல்லை.

புது ஸ்ட்ரெய்னர் குழாய், அதன் ஓ-ரிங், பிரீதர் வால்வு, 5டபிள்யூ-40 ஆயில். ஓ-ரிங்கை மறந்துவிடாதீர்கள், அது இறுகியிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். எல்லாம் மாட்டிய பிறகு சூடான ஐடிலில் 1.1 பார், 2000இல் 2.6. 4000இல் முள் 4 பாரில் அசையாமல் நின்றது. கேஜை நிரந்தரமாக உள்ளேயே பொருத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் ஓட்டத்தில் பிரஷர் பெரிதாக மாறவில்லை. கடும் வெயிலில் ஊர்ந்து போகும் நெரிசலில் மட்டும் ஐடில் 0.9 வரை இறங்குகிறது. பேரிங்குகளின் வயதுக்கு அது சகஜம் என்று எடுத்துக்கொள்கிறேன். டர்போ இன்ஜினுக்கு நிறுவனங்கள் சொல்லும் நீண்ட ஆயில் இடைவெளியை நான் நம்புவதில்லை, 7,000 கி.மீ.யில் மாற்றிவிடுகிறேன். விரட்டி ஓட்டியிருந்தால் கடைசிச் சில நிமிடங்கள் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறாமல் ஓட்டுகிறேன், நிறுத்திவிட்டு ஐடிலில் காத்திருப்பதைவிட அது எனக்கு வசதி. டிப்ஸ்டிக் பார்ப்பது பெட்ரோல் போடும்போதெல்லாம், ஏனென்றால் இந்த வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும். அளவு குறைந்தால் வளைவில் திரும்பும்போது முள் துள்ளுவது கேஜிலேயே தெரிகிறது.

குறை என்று பார்த்தால், ஃபில்டரில் கஞ்சத்தனம் செய்ய முடிவதில்லை. திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சரியில்லாத ஃபில்டர் ஒன்றைப் போட்டபோது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் கடகடவென்றது, கேஜ் ஏறவும் சில விநாடி ஆனது. அடுத்த நாளே கழற்றிவிட்டேன். இப்போது கேஜில் ஒரே ஒரு எண்ணைத்தான் குறித்து வைக்கிறேன்: ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முன்பு, முழுச் சூட்டில், ஐடிலில் என்ன வருகிறது என்று. அது 0.7க்குக் கீழே போனால் மறுபடியும் சம்ப்பை இறக்குவேன், இந்த முறை பேரிங் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு.