குறட்டைக்குக் காரணம் தொப்பையா, தாடையா?

குறட்டை நடுவில் சட்டென்று அடங்கி, மூச்சு நின்று, திணறி எழும் ஆளைப் பார்த்தால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "உடம்பைக் குறை." பாதி சரி. தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியாவுக்கு எடை ஒரு காரணம் என்றால், முக எலும்பு இன்னொன்று.

ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிரோ இசோனோ குழுவினர் தொண்டையை ஒரு பெட்டிக் கணக்காகப் பார்த்தார்கள். எலும்புதான் பெட்டி. நாக்கும் சதையும் கொழுப்பும் உள்ளே அடைத்த சரக்கு. சரக்கு கூடினாலும் நெருக்கடி, பெட்டி சிறுத்தாலும் நெருக்கடி.

முதலில் சரக்கு. கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை, நாக்கிலும் சேர்கிறது. எடை குறைத்தவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு (2020), மூச்சுத்தடை குறைந்ததில் நாக்குக் கொழுப்பு கரைந்ததற்கே பெரிய பங்கு என்றது. தொப்பையும் சும்மா இருப்பதில்லை. படுத்ததும் உதரவிதானத்தை மேலே தள்ளும். மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருந்த விசை தளரும். தொண்டை எளிதில் மடங்கும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஆய்வில் (2000), எடை 10% ஏறியவர்களுக்கு மணிக்கு இத்தனை முறை என்று எண்ணும் மூச்சுத்தடை சுமார் 32% கூடியது. 10% இறங்கியவர்களுக்கு 26% குறைந்தது.

அப்புறம் பெட்டி. கீழ்த்தாடை உள்வாங்கி, அண்ணம் குறுகி இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. மல்லாந்து படுத்தால் பின்னால் சரியும். ஒல்லியானவருக்கும் இது வரும். நோயின் தீவிரம் ஒன்றாக இருந்தும், ஹாங்காங் சீனர்களிடம் எலும்பு நெருக்கமும் ஆஸ்திரேலிய வெள்ளையர்களிடம் உடல் பருமனும் தூக்கலாகத் தெரிந்ததாக 2010இல் வந்த ஓர் ஒப்பீடு சொல்கிறது.

தூங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷினுக்கு இந்த வழக்கே தேவையில்லை. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைத்துவிடும். மற்ற சிகிச்சைகளில்தான் வித்தியாசம். எடைக்கு உணவு, நடை, இப்போது டிர்செபடைடு ஊசி (பருமனோடு அப்னியா உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது). எலும்புக்கு, இரவில் கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல் கருவி. முற்றிய நிலையில் இரு தாடைகளையும் சுமார் 10 மி.மீ. முன்நகர்த்தும் அறுவை சிகிச்சை.

என் ஓட்டு முதலில் எடைக்குத்தான், குறைக்க முடிகிற காரணம் அது என்பதால். ஆனால் பெட்டி சிறியவருக்கு ஐந்து கிலோ ஏறினாலே சிக்கல். எடை சரியாக இருந்தும் பகலில் தூங்கி விழுகிறவர் மோவாய் உள்வாங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடிக்குப் போகலாம். தாடிக்காரர்கள் போட்டோவை நம்ப வேண்டாம். உள்வாங்கிய மோவாயைத் தாடி நன்றாகவே மறைத்துவிடும்.