தொடுதிரை பேக்ஸ் இயந்திரத்தோடு ஏழு ஆண்டுகள்

கரூரில் மேசைவிரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில், பேக்ஸ் அனுப்புவதும் பெறுவதும் இன்றும் என் அன்றாட வேலைகளில் ஒன்று. எல்லாம் மின்னஞ்சலுக்குப் போய்விட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒசாகாவில் இருக்கிறார். அளவுத் திருத்தங்களைக் கையால் எழுதி, முத்திரையிட்டு, பேக்ஸில்தான் அனுப்புவார். 2021-இல் அமைச்சகங்களிலிருந்து பேக்ஸை அகற்ற முயன்ற ஜப்பானிய அமைச்சர் தாரோ கோனோவே, குவிந்த ஆட்சேபங்களைக் கண்டு பின்வாங்க வேண்டியிருந்தது என்றால், எங்களைப் போன்ற சிறு ஏற்றுமதியாளர் என்ன சொல்லிவிட முடியும்?

எங்களிடம் முன்பு இருந்தது பொத்தான் வைத்த இயந்திரம். அதற்குப் பதிலாக, நகலெடுத்தல், ஸ்கேன், பேக்ஸ் மூன்றையும் ஒன்றாகச் செய்யும், ஏழு அங்குலத் தொடுதிரை கொண்ட இயந்திரத்தை வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதன் திரை கைபேசித் திரையைப் போல விரல் பட்டதுமே உணரும் வகையைச் சேர்ந்ததல்ல. நூலிழை இடைவெளியில் இருக்கும் இரண்டு படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொட்டால்தான் வேலை செய்யும். இதனால் ஈர விரலோ பஞ்சு ஒட்டிய விரலோ ஒரு தடையில்லை, அது எங்கள் ஊருக்கு வசதிதான். ஆனால் எதைக் கொண்டு அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்ததும் எல்லோரும் பேனா முனையால் குத்தத் தொடங்கினார்கள். 'அனுப்பு' என்ற கட்டம் தோன்றும் இடத்தில் மட்டும் திரை இப்போது மழுங்கிக் கீறலாகக் கிடக்கிறது.

நான்காம் ஆண்டில் திரையின் கணக்கு பிசகியது. ஒரு நாள் மாலை, கணக்கு எழுதும் பையன் ஓடி வந்து, "அண்ணா, ஆறைத் தொட்டா மூணு விழுகுதுங்க" என்றான். வெளிநாட்டு அழைப்புக்கான 00, ஜப்பானுக்கான 81 ஆகியவற்றுக்கு அடுத்து ஒசாகாவுக்கான 6 வர வேண்டிய இடத்தில் 3 விழுந்தால் அழைப்பு தோக்கியோவுக்குப் போய்விடும். அப்போது நமக்கு ஐந்தரை மணி, அங்கே இரவு ஒன்பது. யாரோ ஒருவருடைய வீட்டுத் தொலைபேசியில், மூன்று விநாடி இடைவெளிவிட்டு அரை விநாடி ஒலிக்கும் பேக்ஸின் அந்தக் கீச்சொலியை எத்தனை தடவை கேட்க வைத்தோமோ தெரியவில்லை. பராமரிப்புக்கு வந்தவர், திரையின் மூலைகளில் தோன்றிய கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாக நடுவில் தொட்டுச் சரிசெய்தார். அந்த வேலை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை நானே செய்துவிடுகிறேன்.

அன்றைக்குப் பிறகு, திரையில் எண்களைத் தட்டி அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டோம். பழைய இயந்திரத்தில் 5-ஆம் எண்ணின் மேலிருந்த சிறு புடைப்பை வைத்தே, கண் தாளில் இருக்க, விரல் தன் பாட்டுக்கு எண்ணைப் போட்டுவிடும். இதில் ஒவ்வோர் எண்ணுக்கும் திரையைப் பார்த்தாக வேண்டும். ஆகவே வாடிக்கையாளர்களின் எண்களை முகவரிப் பட்டியலில் பதிந்து பெரிய கட்டங்களாக முதல் பக்கத்தில் வைத்தேன். புதிய எண்ணாக இருந்தால் இரண்டு முறை உள்ளிட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டுமே அனுப்பும்படி அமைத்தேன். தவறான எண்ணுக்குப் போவது அத்தோடு நின்றது.

எனக்குத் தீராத எரிச்சல் தந்தது வேறொன்று. ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை முகப்புக்குத் திரும்பி, அதுவரை செய்த தேர்வுகளையெல்லாம் அழித்துவிடும். பதினான்கு பக்கத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது நாம் தேர்ந்தெடுத்த 'நுண்ணிய' தெளிவு ஓசையில்லாமல் 'சாதாரண' நிலைக்குப் போய்விடுகிறது. சாதாரண நிலையில் செங்குத்தாக அங்குலத்துக்கு 98 வரிகள். நுண்ணிய நிலையில் 196. பென்சிலில் எழுதிய 3-உம் 8-உம் பிரிந்து தெரிவதும் தெரியாததும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 138 சென்டிமீட்டரா 133 சென்டிமீட்டரா என்று ஒசாகாவிலிருந்து கேள்வி வந்த பிறகே காரணத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் கால அளவை மூன்று நிமிடமாக்கி, தொடக்க நிலையையே நுண்ணியதாக மாற்றிவிட்டேன். பக்கத்துக்கு ஆகும் நேரம் கூடத்தான் செய்கிறது, பரவாயில்லை.

பாராட்ட வேண்டியது, வந்த பேக்ஸை அச்சிடாமலே திரையில் பார்க்கும் வசதி. விளம்பரத் தாள்களை அங்கேயே அழித்துவிடலாம்; தலைகீழாக வந்த பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம். அனுப்பும் பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு விழுந்தால் திரையின் மீது பழி போடாதீர்கள். தாளை இழுக்கும் பகுதிக்குக் கீழே உள்ள ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும், அதைத் துடைத்தால் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் தொலைபேசி இணைப்பு செம்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாறியதும் நீளமான பேக்ஸ்கள் பாதியில் அறுந்தன. அனுப்பும் வேகத்தை விநாடிக்கு 33,600 பிட்டிலிருந்து 14,400-க்குக் குறைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அமைப்பு, கடவு எண் கேட்கும் நிர்வாகப் பட்டியலுக்குள் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்ததால், தேடி எடுக்க ஒரு பகல் முழுதும் போயிற்று. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எதைத் தொட வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, இயந்திரத்தின் முன்கதவுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.